அக்காவின் றிவோல்வருக்கு ஒரு பிடி

சின்ன றிவோல்வர் ஒன்றை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு போகிற ஆளைக் காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, பிடி. குழல் எப்படியும் கால்சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ போய்விடும். பிடிதான் இடுப்புக்கு மேலே நின்று சேர்ட்டில் ஒரு மேட்டைக் கிளப்பும். ஆனால் கை பிடிக்கிற இடமும் அதுதான். மறைக்கவேண்டுமென்றால் பிடி சின்னதாக இருக்கவேணும். சுடவேண்டுமென்றால் பெரிதாக இருக்கவேணும். அமெரிக்காவில் இந்த ஒரு சிக்கலை நம்பியே பிடி செய்கிற கொம்பனிகள் பல உயிர்வாழ்கின்றன.

போன நவம்பர் வரைக்கும் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் நாலு பேர். திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரே அறையில் போர்டிங். இரண்டு பேர் புவியியல், ஒருத்தி வரலாறு, மற்றவள் தமிழ். அறைக்குள் 'நான்' என்று சொல்லி நடக்கிற காரியம் மிகக் குறைவு. சோறு, போன் டேட்டா, காய்ச்சல், ரியூட்டோரியல் எல்லாமே பொது. அதனால் எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவின் மகள் ஹியூஸ்டனில் இருந்து வட்சப்பில் ஒரு படத்தை அனுப்பியபோது அதுவும் பொதுவாகிவிட்டது.

படத்தில் இருந்தது ஒரு விரல். நடுவிரல். இரண்டாவது கணுவில் தோல் உரிந்து, சுற்றிவர நீலம் பாரித்திருந்தது. கீழே அக்கா எழுதியிருந்தா: "இருபது வெடிதான் வைச்சனான். கை இப்பிடி ஆகிட்டுது. பிடியை மாத்தச் சொல்லினம். எந்தப் பிடி எண்டு பாத்துச் சொல்லுங்கோடி. உன்ட கையும் என்ட கையும் ஒரே அளவுதானே. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

கை அளவு உண்மை. இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே காப்பை மாறி மாறிப் போட்டவர்கள். அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்பதும் விளங்கியது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் சமையலறைக்குள் எழும்பிப் போய்விடுகிற தலைமுறை அது. எங்களிடம் ஏன் கேட்டா என்பதுதான் முதலில் விளங்கவில்லை. பிறகு அவவே சொன்னா. மனிசனிடம் கேட்டால், "இதை வித்துப்போட்டு நல்ல பிஸ்டல் ஒண்டு வாங்கு" என்கிறாராம். கடையில் கேட்டால் நிற்கிற ஆண்கள் ஆளுக்கொரு விரிவுரை நடத்துகிறார்களாம். "நீங்கள் கலைப்பீடம்தானே, தேடி வாசிக்கத் தெரியும்" என்றா. கலைப்பீடத்தை நம்பி ஒரு காரியம் கேட்ட முதல் ஆள் எங்கள் அறிவுக்கு இந்த அக்காதான்.

அக்கா மருந்துக்கடைச் சங்கிலி ஒன்றில் பின்னேர வேலை. இரவு பத்து மணிக்குத்தான் கடை பூட்டும். மனிசன் நீண்ட தூர ட்ரக் ஓட்டுகிறவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில். மகனுக்கு மூன்று வயது. றிவோல்வர் கடையில் வாங்கியதில்லை. கூட வேலை செய்கிற ஒரு வயது போன அம்மாவின் கணவர் இறந்துபோக, அவருடைய அலுமாரியில் இருந்ததை அந்த அம்மா விற்றிருக்கிறா. டெக்சாஸில் இரண்டு தனியாட்கள் தங்களுக்குள் இப்படி விற்று வாங்கும்போது பின்னணிச் சோதனை எதையும் சட்டம் கேட்பதில்லை. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று ஒரு துவக்கு வைத்திருக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அங்கே ஒரு சைக்கிள் வாங்கினமாதிரி வாங்கியிருக்கிறா.

சிலிண்டரைத் திறந்து, குண்டு ஒன்றும் இல்லை என்று பார்த்து, உள்ளே சட்டத்தில் குத்தியிருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 36 என்று இருந்தது. ஸ்மித் அன்ட் வெசன் கொம்பனியின் மொடல் 36. அதன் பழைய பெயர் சீஃப்ஸ் ஸ்பெஷல். 1950இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பொலிஸ் தலைமை அதிகாரிகளின் மாநாடு நடந்தபோது இந்தப் புதுச் சின்னத் துவக்கை அங்கே காட்டி, அவர்களைக் கொண்டே பெயர் வைப்பித்திருக்கிறார்கள். மொடல் இலக்கம் வந்தது 1957இல். ஐந்து குண்டு, .38 ஸ்பெஷல். இந்தச் சின்னச் சட்டத்தை 'ஜே' என்ற எழுத்தால் சொல்வார்கள். எழுபது வருசத்துக்கு மேலாகியும் அந்தச் சட்டத்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். சிவில் உடையில் திரிந்த பொலிஸ்காரருக்கும், பெரிய துவக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கணுக்காலில் கட்டினவர்களுக்கும் என்று வந்த சாமான். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் சின்னது என்றாலே பொம்பிளைக்கு என்று ஒரு முடிவு எப்படியோ வந்துவிட்டது.

அந்த முடிவு எவ்வளவு பிழை என்பதற்கு அக்காவின் விரலே சாட்சி. வெடி அதிர்வைத் தாங்குவது பாரம். மொடல் 36 உருக்கு, ஏறக்குறைய 550 கிராம். எங்கள் கணக்கில் ஒரு இறாத்தல் பாணும் இன்னொரு துண்டும். அலுமினியச் சட்டத்தில் வருகிற அதன் தங்கச்சிமார் ஒரு இறாத்தல் பாணை விடக் குறைவு. விசையை நேரே இழுத்துச் சுடுவதற்கோ ஏறக்குறைய 12 இறாத்தல் இழுவை வேண்டும். அதாவது ஒரு இறாத்தல் சாமானைக் கையில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒரு விரலால் 12 இறாத்தலை இழுக்கவேணும். பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் குழல் எங்கே பார்க்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சின்னத் துவக்கு படிக்கிறவருக்கு இல்லை, பழகினவருக்கு என்று அங்கே பழையவர்கள் சொல்வது இதனால்தான்.

விரல் ஏன் உரிந்தது என்பது படத்தைப் பார்த்த உடனேயே வரலாற்றுக்காரிக்கு விளங்கிவிட்டது. தொழிற்சாலையில் போட்டு வந்த பழைய வால்நட் மரப் பிடி அது. இரண்டு மெல்லிய பலகைகள், நடுவில் ஒரு திருகாணி. விசையைச் சுற்றி இருக்கிற வளையத்துக்கும் பிடிக்கும் இடையில் பின்பக்கமாக ஒரு வெறும் இடம் கிடக்கிறது. நடுவிரல் போய் அந்த இடத்தில்தான் இருக்கும். வெடிக்கும்போது துவக்கு பின்னுக்கு வந்து எழும்ப, வளையத்தின் இரும்பு நேரே கணுவில் அடிக்கும். சின்னவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை. அது கீழே அந்தரத்தில் தொங்கும்.

இந்த இடத்தில் தாத்தாவைச் சொல்லவேணும். அக்காவுக்கும் எங்கள் அறைக்காரிக்கும் பொதுவான தாத்தா, புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்தவர். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போடுகிறபோது கடையில் வாங்கினதை அப்படியே போடமாட்டாராம். யார் கொத்தப் போகிறாரோ அவரைக் கூப்பிட்டு, தடியைப் பிடிக்கச் சொல்லி, பெருவிரலும் நடுவிரலும் எங்கே சந்திக்கிறது என்று பார்ப்பார். பிறகு உடைந்த போத்தில் கண்ணாடியால் சீவு சீவென்று சீவி, திரும்பப் பிடிக்கச் சொல்வார். பிடி சரியில்லாவிட்டால் கை கொப்பளிக்கிறது மட்டுமில்லை, வெட்டு விழுகிற இடமும் மாறும், காலில் போடவும் கூடும். "தாத்தா இருந்திருந்தா அவரே சீவித் தந்திருப்பார்" என்று அக்கா குரல் பதிவில் சிரித்தா. தாத்தா மண்வெட்டிக்குச் சீவியிருப்பார். இதுக்குச் சீவியிருப்பாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். புவியியல்காரிகளில் ஒருத்தி முல்லைத்தீவு. 2009இல் அவளுக்கு ஏழு வயது. "நான் இதுக்கு வரேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மற்ற மூன்று பேரும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தோம். பிறகு, உண்மையைச் சொன்னால், மெதுவாகக் கதைத்துக்கொண்டு தொடர்ந்து தேடினோம். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கத் தொடங்கினால் அதை விடுவது கஷ்டம்.

பிடிகளின் உலகம் நாங்கள் நினைத்ததை விடப் பெரிது. முதலில் பார்க்கவேண்டியது சட்டத்தின் அடிப்பக்கம் உருண்டையா சதுரமா என்பது. பழைய மொடல்கள் இரண்டு விதமாகவும் வந்தன. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் சரியாக இருக்காது. அக்காவினது உருண்டை, நல்ல காலம், ஏனென்றால் இன்று கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது அதற்கானதுதான்.

பிறகு மரமா றப்பரா. றப்பர் அதிர்வை வாங்கும், வேர்த்த கையிலும் வழுக்காது. ஹியூஸ்டன் வெயில் எங்கள் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததில்லையாம், அதனால் அது சின்ன விசயமில்லை. ஆனால் அதே ஒட்டுக்குணம் சேர்ட்டையும் பிடித்து இழுக்கும். பைக்குள் இருந்து எடுக்கும்போது உள்துணியும் சேர்ந்து வரும். மரம் வழுக்கிக்கொண்டு வரும், பார்க்கவும் வடிவு, வெடி வைத்தால் வலிக்கும்.

அளவில்தான் உண்மையான சண்டை. நீளமானது மூன்று விரலுக்கும் இடம் தரும். கட்டையானது இரண்டுக்குத்தான். கட்டையானவற்றில் பெயர்பெற்றது 'பூட் கிரிப்' என்கிற வடிவம். கிரெய்க் ஸ்பீகல் என்ற பிடி செய்கிறவர் வடிவமைத்தது. பிறகு அங்கிள் மைக்ஸ் கொம்பனி அதை றப்பரில் வார்த்து ஊரெல்லாம் விற்றது. அடியில் ஒரு மில்லிமீற்றர் கூட வெளியே நீட்டாது, ஆனால் விசைவளையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த வெறும் இடத்தை நிரப்பிவிடும். இதற்கெல்லாம் முந்தின தீர்வு ஒன்றும் இருக்கிறது. ஒக்லஹோமாவில் மெல்வின் டைலர் என்பவர் செய்து விற்ற சின்ன உலோகத் துண்டு, டைலர் டி-கிரிப். பழைய மரப் பலகைகளைக் கழற்றி எறியாமல், அவற்றுக்கு இடையில் அந்த வெறும் இடத்தை மட்டும் அடைக்கிற ஆப்பு. எங்கள் மூன்று பேருக்கும் மிகப் பிடித்தது இதுதான். பழசை வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் அடைக்கிற யோசனை எங்கட ஊர் யோசனை மாதிரி இருந்தது.

பிறகு விசித்திரங்கள். நடுவிரல் படுகிற இடத்தில் ஒரு பட்டன், பிடித்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி போய் விழும், கிரிம்சன் ட்ரேஸ் என்ற கொம்பனியினது. பிடியிலேயே ஒரு கொளுக்கி, உறையே இல்லாமல் காற்சட்டைப் பட்டியில் கொழுவிக்கொண்டு திரிய, பராமி ஹிப்-கிரிப். யானைத்தந்தம், மான்கொம்பு, முத்துச்சிப்பி. ஜெனரல் பட்டனின் கோல்ட் றிவோல்வரில் இருந்தது தந்தப் பிடி. முத்துச்சிப்பி என்று யாரும் சொன்னால் ஆளுக்குக் கோபம் வருமாம். ஆண்களுக்குள்ளும் இந்த விசயத்தில் சின்னச் சின்னக் கவுரவப் பிரச்சினைகள் இருக்கின்றன.

பெண்களுக்கென்று செய்தவற்றைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஸ்மித் அன்ட் வெசன் 1989இல் லேடிஸ்மித் என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. கொஞ்சம் மெல்லிய மரப் பிடி, உடம்பில் பெயர் வளைந்த எழுத்தில். சரி, மெல்லிய பிடியாவது பிரயோசனம். சார்ட்டர் ஆர்ம்ஸ் கொம்பனி பிங்க் லேடி என்று றோஸ் நிறத்திலேயே ஒன்றை விற்கிறது. நிறம் மாற்றினால் அதிர்வு குறையுமா? எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் கூடை பூட்டி விலை கூட்டுகிற மாதிரித்தான். பெண்ணின் கைக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் குறைவு, பெண்ணின் கண்ணுக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அதிகம்.

கைக்கு வேண்டியது என்ன என்பதை ஒரு அடிமட்டத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். அக்காவின் அளவுக் கை எங்கள் அறையிலேயே இருந்ததால் அதை மேசையில் விரித்து அளந்தோம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 16.5 சென்ரிமீற்றர். முக்கியமானது அதுவில்லை, பெருவிரல் கவட்டிலிருந்து சுட்டுவிரலின் முதல் மூட்டு வரைக்கும் உள்ள தூரம். அந்த மூட்டு விசையைத் தொட்டால்தான் 12 இறாத்தலை நேராக இழுக்கலாம். நுனி மட்டும் தொட்டால் இழுவை பக்கவாட்டில் போகும். இங்கேதான் ஒரு பொறி. அதிர்வு நோகாமல் இருக்க, சட்டத்தின் முதுகையும் சேர்த்து மூடுகிற தடித்த றப்பர் பிடியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது கவட்டுக்கும் விசைக்கும் இடையில் இன்னும் கொஞ்சத் தூரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. பெரிய கைக்கு அது வசதி. சின்னக் கைக்கு எட்டாமலே போய்விடும். முதுகு திறந்த பிடி என்றால் எட்டும், ஆனால் இரும்பு நேரே கவட்டில் இடிக்கும். ஆகச் சின்னக் கைக்கு வேண்டியது முதுகு திறந்ததும், முன்பக்கம் நிரம்பியதும், மூன்று விரலுக்கு நீளமானதுமான ஒரு பிடி. அப்படியும் றப்பரில் இருக்கின்றன. விலையும் லேசர் பிடியோடு பார்க்கும்போது ஒன்றுமில்லை.

எங்கள் கட்டுரை முடிந்தது என்று நினைத்தோம். அக்காவுக்கு எழுத உட்கார்ந்தபோது, சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள்: "இரவில அது எங்க படுக்கிறது?"

யார் என்று கேட்டோம். "துவக்குத்தான்."

அந்தக் கேள்வியை அப்படியே அக்காவுக்கு அனுப்பினோம். பதில் வர ஒரு நாள் எடுத்தது. வேலைக்குப் போகும்போது கைப்பையில். வேலையிடத்துக்குள் கொண்டுபோக முதலாளிமார் விடமாட்டார்கள், ஆகவே காரில். இரவில் கட்டில் பக்கத்து அலுமாரி, மேல் தட்டு.

டெக்சாஸில் 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது நிரம்பின, வேறு தடை இல்லாத ஆள் கைத்துப்பாக்கி கொண்டு திரிய அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஆனால் தன் இடத்துக்குள் வேண்டாம் என்று சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு. காரைப் பூட்டி அதற்குள் வைத்திருக்கலாம், 2011 முதல் அதற்கும் சட்டம் இருக்கிறது. இதை வாசித்தபோது அறைக்குள் ஒரு கணக்கு விழுந்தது. அக்கா பயப்படுவது எதற்கு? இரவு பத்து மணிக்குக் கடை வாசலிலிருந்து கார் வரைக்கும் நடக்கிற தூரத்துக்கு. அந்த நடையின்போது துவக்கு எங்கே? காருக்குள். அவ நடந்து போய்ச் சேருகிற இடத்தில் அது இருக்கிறது, நடக்கிற இடத்தில் இல்லை. எட்டு மணித்தியாலம் வாகனத் தரிப்பிடத்தில் கிடக்கிற கார், கண்ணாடியை உடைக்கிறவனுக்கு அது ஒரு பரிசு.

இதைச் சொன்னபோது அக்காவுக்குக் கொஞ்சம் கோபம். "பெற்றோல் ஷெட்டில இறங்கிறேல்லையே நான்? அபார்ட்மென்ற் கார் பார்க்கில இறங்கிறேல்லையே? நீங்கள் ஆறு மணிக்கே போர்டிங்குக்குள்ள போற பிள்ளையள், உங்களுக்கு விளங்காது." அதில் நியாயம் இருக்கிறது. ஆறு மணிக்குள் உள்ளே போவது எங்களுக்கு விருப்பம் என்று யார் சொன்னது? இரவுப் பயம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாமலா? எங்கட தீர்வு கதவைப் பூட்டுவது. அக்காவின் தீர்வு வேறு. இரண்டிலும் பூட்டப்படுவது பெண்தானா என்று கேட்டாள் தமிழ்க்காரி. அதை அக்காவுக்கு அனுப்பவில்லை.

மகனின் விசயத்தை மட்டும் விடமுடியவில்லை. 2014 டிசெம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில், வோல்மார்ட் கடையில், இரண்டு வயதுப் பிள்ளை தாயின் கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த துவக்கால் தாயைச் சுட்டுவிட்டது. அது துவக்கு வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை. தாய் ஒரு அணுவியல் ஆய்வாளர். கவனமில்லாத ஆள் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாத பெண்.

12 இறாத்தல் இழுவையை மூன்று வயது விரல் இழுக்காது என்று அக்கா சொன்னா. ஆனால் மொடல் 36இல் சுத்தியல் வெளியே இருக்கிறது. பெருவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் விசை மிக லேசாகிவிடும். பிள்ளைகள் இரண்டு கையாலும் எதையும் இழுத்துப் பார்க்கிறவர்கள்.

இந்த இடத்தில்தான் தேடியதிலேயே எங்களை அதிகம் நிறுத்திவைத்த விசயம் வந்தது. பிடியே இதற்குப் பதில் சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது. 1887இல் இதே கொம்பனி ஒரு சின்ன றிவோல்வரை விட்டது. பிடியின் முதுகில் ஒரு இரும்புப் பட்டை, அதை உள்ளங்கையால் இறுக்கி அமுக்கினால் மட்டும்தான் விசை வேலை செய்யும். சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். எலுமிச்சம்பழம் பிழிகிறது என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு பிள்ளை துவக்கால் காயப்பட்டதைக் கேள்விப்பட்டு, டானியல் வெசன் பிள்ளையின் கையால் சுடமுடியாத ஒன்றைச் செய்ய நினைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, சாமான் உண்மை. 1940 வரைக்கும் செய்தார்கள். 1952இல், கொம்பனியின் நூறாவது ஆண்டில், ஜே சட்டத்தில் சென்டெனியல் என்ற மொடல் வந்தபோது அதே பட்டையைத் திரும்பப் பிடியில் வைத்தார்கள். பிறகு அதே வடிவத்தைப் புது மொடல்களாகக் கொண்டுவந்தபோது பட்டை இல்லை. பிடியிடமிருந்து அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். 2001க்குப் பிறகு வந்த பலவற்றில் பக்கவாட்டில் சாவித் துவாரம் ஒன்று இருக்கிறது, அதையும் வேண்டாம் என்கிறவர்கள் நிறைய. அக்காவினது அதற்கெல்லாம் முந்தினது. அதில் பூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. டெக்சாஸ் சட்டத்திலேகூட, குண்டு போட்ட துவக்கைப் பிள்ளையின் கைக்கு எட்ட விடுவது குற்றம்.

அறைக்குள் இரண்டு கட்சியானோம். ஒரு கட்சி: கேட்டது பிடி, பிடியைச் சொல்லுவம், அவ வளர்ந்த மனிசி. மற்றக் கட்சி: எந்தப் பிடியைச் சொல்லுகிறோமோ அதுதான் துவக்கு எங்கே இருக்கும் என்பதையும் முடிவெடுக்கும். கட்டைப் பிடியைச் சொன்னால் அது கைப்பைக்குள் போகும். நீளமான, சேர்ட்டைப் பிடித்து இழுக்கிற, மூன்று விரல் றப்பர் பிடியைச் சொன்னால் அதைக் கொண்டு திரிவது தொல்லை. அது வீட்டில் இருக்கும். வீட்டில் இருந்தால் பெட்டியில் பூட்டலாம். மறைக்கத் தேவையில்லாத துவக்குக்குச் சின்னப் பிடி எதற்கு? இரண்டாவது கட்சியின் தலைவி ஹெட்போன்காரி. வரமாட்டேன் என்றவள் கடைசியில் எல்லோரையும் விட நன்றாக வந்துவிட்டாள். அவளுக்கு நாங்கள் தோற்றோம். தோற்றதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. சின்னக் கைக்கு உண்மையாகவே நல்லதும் அந்த நீளப் பிடிதான், அதனால் பொய்யும் சொல்லவில்லை.

எழுதியது இவ்வளவுதான்: முதுகு திறந்த, மூன்று விரல் றப்பர். அதோடு இலக்கம் அமத்தித் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி ஒன்று. பிடி மட்டும் வாங்கினால் பாதிதான் வாங்கினதாகக் கணக்கு. வேலைக்குப் போகும்போது காருக்குள் வைக்கிறதை விடுங்கோ. இரவில் கடைக்காரர் யாரையாவது கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, கேட்கிறதுக்கு வெட்கப்படாதேங்கோ.

"கடைசியா எழுதினது யார்? அம்மா மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

பிடியைக் கழற்றுகிற விதத்தையும் சொல்லிவிட்டோம். முதலில் குண்டு எல்லாவற்றையும் எடுத்து வேறு அறையில் வைக்கவேணும். பலகையை ஸ்குறூட்றைவரால் கிளப்பக்கூடாது, மரம் தெறித்துவிடும். திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்குறூட்றைவரின் பிடிப்பக்கத்தால் அதன் தலையில் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக விலகும். கழற்றினதும் படம் எடுத்து அனுப்பினா. மரத்துக்குக் கீழே இருந்தது வெறும் எலும்புக்கூடு மாதிரி ஒரு இரும்புச் சட்டம், உள்ளே ஒரு சுருள்வில், அடியில் சின்ன ஆணி. பலகையின் உள்பக்கம் வெளிறின மரம். வெளிப்பக்கம் வேறு யாரோ ஒருவரின் கை எண்ணெயில் கறுத்திருந்தது. அந்த மனிதர் எத்தனை வருசம் அதைப் பிடித்தாரோ. பலகைகளை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறாவாம்.

மாற்றினபிறகு பயிற்சிக்கு ஒருக்கால் போயிருக்கிறா. விரலில் காயம் இல்லை. இருபதில் பதினொன்று கடுதாசிக்குள் விழுந்ததாம்.

காருக்குள் வைக்கிறதை விட்டாவா என்று நேரே கேட்டதற்கு நேரே பதில் வரவில்லை. பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பழைய திருகாணி கழற்றும்போது கார்பெற்றில் விழுந்து காணாமல் போனதாம், அரை மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லையாம், கடைசியில் மகன்தான் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு எடுத்துக்கொடுத்தவனாம். பின்னால் அவன் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

பெட்டி வந்திட்டுதா என்று கேட்டோம். வெள்ளிக்கிழமை வருமாம்.